சவ்வுக்கு ஒரு பூட்டு

"இது மூணாவது சவ்வு ஐயா! உங்களுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா?"

டனாயி போட்ட சத்தத்தில் ஆலிவ் மில் முதலாளி ஸ்டமாத்திஸ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவள் அப்பா வயது அவருக்கு.

மில்லிலிருந்து வரும் கறுப்புத் தண்ணீரில் எண்ணெயைப் பிரித்து நிறுத்திவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஓடைக்கு விடும் பாலிமர் சவ்வு அது. மாட்டிக் கொடுத்தது டனாயியின் கம்பெனி. இப்போது அடைத்துக்கொண்டு கிடந்தது. நாளைக் காலை அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் மில்லுக்குச் சீல். ஊரே ஆலிவ் பறித்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவரும் சமயம் வேறு.

"தினமும் நான் கொடுத்த மருந்தை ஊத்திக் கழுவணும்னு சொன்னேனா இல்லையா?"

"மறந்துட்டேன்மா. காபிக்கடையில பகடை உருட்ட உட்கார்ந்தா எழுந்திருக்க மனசு வரமாட்டேங்குது."

வாசலில் நின்ற அவர் மனைவி எவான்தியா விடுவாளா?

"நல்லாக் கேளு பொண்ணே! உன் பேச்சையாவது கேக்கட்டும். ஏன்யா, அந்தப் பகடையைக் கட்டிக்கிட்டு அழ வேண்டியதுதானே? என்னை எதுக்குக் கட்டிக்கிட்டே?"

அவர் குனிந்து டனாயியின் கருவிப் பெட்டியைத் திறந்து கொடுத்தார்.

கைவசமிருந்த கடைசிச் சவ்வை மாட்டிவிட்டு டனாயி காருக்கு வந்தாள். எவான்தியா பின்னாலேயே ஓடிவந்து ஒரு பச்சை சோப்புக் கட்டியை அவள் கையில் திணித்தாள்.

"நம்ம எண்ணெயில நானே காய்ச்சினது. ஒரு விஷயம் சொல்றேன், அவர்கிட்ட சொல்லிடாதே. பாவம், ரொம்பத் திட்டிட்டே. அவர் மறந்தா என்ன? அவர் காபிக்கடைக்குப் போனதும் நான்தான் இந்த சோப்பைப் போட்டு, நுரைக்க நுரைக்கக் கழுவி விடறேன். தெரிஞ்சா கூசிப்போவாரு மனுஷன்."

டனாயிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த ஊர்ச் சுண்ணாம்புத் தண்ணீரில் சோப்பா? திட்டுத்திட்டாகப் படிந்து சவ்வின் துளைகளை அடைத்தது அதுதான்!

அவள் பதில் சொல்வதற்குள் ஸ்டமாத்திஸ் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எவான்தியா ஒன்றும் தெரியாதவள் போல உள்ளே போனாள்.

டனாயி குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, தப்பு உங்க மேல இல்ல. அம்மாவோட சோப்பு..."

"தெரியும்மா. தினமும் காலைல உன் மருந்தை ஊத்துறப்போ அந்த வாசனை வரும். எவ்வளவு கழுவினாலும் போகமாட்டேங்குது. ஆசையா செய்யறா, எப்படி நிறுத்தச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன். பேசாம சவ்வு இருக்கிற பெட்டிக்கு ஒரு பூட்டைப் போட்டுடு. கம்பெனி சட்டம்னு சொல்லிடு."

"தெரிஞ்சேவா இவ்வளவு திட்டு வாங்கினீங்க?"

அவர் மில்லின் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஓடை கறுத்துக் கிடந்த காலமெல்லாம் ஊர்ல ஒருத்தன் என்னைக் கேட்டதில்ல. ஆலிவ் ஆட்ட என்கிட்டதானே வரணும்? சர்ச்லயும் கடையிலயும் நிறுத்திவெச்சு அவளைத்தான் திட்டினாங்க. என் பங்குத் திட்டையெல்லாம் அவளே வாங்கிட்டா. அவ பங்கை ஒரு தடவை நான் வாங்கக் கூடாதா?"