மீட்டர் ஏறாத கார்

கராஜ் ஷட்டரைத் தூக்கியதும் வெயில் சிவப்பு பானெட்டில் வழிகிறது. கம்பெனி நூறே நூறு செய்த ஸ்போர்ட்ஸ் கார், நான்கு ஜாக்கிகள் மேல் நிற்கிறது. தரையில் நின்றால் டயர் அமுங்கிவிடுமாம். ரிட்டயர் ஆனதும் ஊர் ஊராகச் சுற்றலாம் என்று பெரியவர் பொத்திப் பொத்தி வைத்த வண்டி. அதற்குள் அவருக்குக் கண் போய்விட்டது. இப்போதும் வாராவாரம் எஞ்சினைப் போட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். மனைவி செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பக்கத்தில் ஏறுகிறாள். பிரிக்காத பிளாஸ்டிக் உறை சரசரக்கிறது.

“யாரையாச்சும் ஓட்டச் சொல்லி, தெருமுனை வரைக்குமாவது போயிட்டு வரலாங்க.”

“சும்மா இரு. மீட்டர் எவ்வளவு காட்டுது, பாரு.”

“அதேதாங்க.”

அவர் முகம் மலர்கிறது. எஞ்சின் உறுமுகிறது. அவள் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, எதிரே நகராமல் நிற்கும் தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.