ஆறாவது கிண்ணம்

அநியாயம் நடந்தது மா சம்துக்கிற்கு.

போர்க்காலத்தில் ராணுவம் இந்த ஊரில் சுட்டுக் கொன்ற ஆறு பேரில் அவரும் ஒருவர். பூங்கா நினைவுக்கல்லில் கடைசிப் பெயர் அவருடையது. ஆனால் நினைவு நாள் படையலில் வருஷா வருஷம் ஐந்து கிண்ணம் சோறுதான். அவருக்குக் கிடையாது.

படைப்பவர், பூங்கா வாசலில் சூப்புக் கடை நடத்தும் பெரியம்மா. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். தானே சமைத்துக் கொண்டு வருகிறார் என்பதால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

வரலாறு படிக்கும் ஹெரிம் கேட்டாள்.

"பெரியம்மா, கல்லுல ஆறு பேர் இருக்கு. எண்ணத் தெரியாதா?"

"தெரியும். தள்ளு, சோறு ஆறுது."

"மத்தவங்க எல்லாம் வாத்தியாரு, டாக்டரு. இவர் விறகுவெட்டி. அதானே?"

"வாய் நீளம்டி உனக்கு. உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்."

கூட வந்த துஹான் சிரித்தான். ஹெரிம் முறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

"பேச்சை மாத்தாதீங்க. செத்தவங்களுக்குப் போடற சோத்துலகூடவா ஏழை, பணக்காரன்?"

செத்தவர்கள் எடுத்துச் சாப்பிடுவதற்கென்று, பெரியம்மா ஒவ்வொரு கிண்ணத்துச் சோற்றிலும் ஒரு ஸ்பூனைச் செங்குத்தாக நட்டுக்கொண்டு போனார்.

ஹெரிம் இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். பையிலிருந்து ஒரு கிண்ணம் சோற்றை எடுத்து, கடைசிப் பெயருக்கு நேராக வைத்து, ஸ்பூனையும் நட்டாள். வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள்.

பெரியம்மா அதை எடுத்துப் புறாக்களுக்குக் கொட்டினார்.

"ஐயோ, படைச்ச சோறு!" துஹானே கத்திவிட்டான்.

"கேட்க ஆள் இல்லைங்கற தைரியம்!" ஹெரிம் குரலை உயர்த்தினாள். "அவர் வீட்டு ஆளு ஒருத்தர் இங்க இருந்தா இப்படிச் செய்வீங்களா?"

"இருக்கேனே. நான் அவர் பொண்ணு."

கைதட்டியவர்கள் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

"அப்பாவுக்கு முகமூடி மாட்டி ராணுவத்துக்காரங்க கூட்டிட்டு வந்தாங்க. இவங்க அஞ்சு பேரையும் விரலை நீட்டிக் காட்டிக் கொடுத்தார். காரியம் முடிஞ்சதும் அவரையும் சுட்டுட்டாங்க. அவரும் செத்தவர்தானேன்னு, அஞ்சு குடும்பமும் பெரிய மனசு பண்ணி அவர் பேரையும் கல்லுல சேர்த்தாங்க."

காலிக் கிண்ணத்தை ஹெரிமிடம் நீட்டினார்.

"பேர் இருந்துட்டுப் போகட்டும். ஆனா அவரோட ஒரே பந்தியில உக்காந்து இவங்க எப்படிம்மா சாப்பிடுவாங்க?"