எட்டு சிலிண்டர்

"மாப்பிள்ளைகிட்ட வாயை விட்டுட்டேன்டா. இப்போ ஊர் முழுக்க அதே பேச்சு."

கார் கம்பெனியின் பின்பக்கப் படிக்கட்டில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார் மூத்த பொறியாளர்.

எதிரே நின்ற நண்பருக்கு அலுவலகத்தில் பெயரே சைலன்சர்தான். கூட்டத்தில் எல்லோரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாலும், அவர் பாட்டுக்கு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எஞ்சின் பிரிவில் பக்கத்துப் பக்கத்து மேசை.

கம்பெனி அடுத்து கொண்டுவரப்போகும், உறுமிக்கொண்டு பாயும் 'மசில் கார்' ரகக் காருக்கு என்ன எஞ்சின் என்பதுதான் அந்த வருடம் கார் பிரியர்களின் மண்டையைக் குடைந்த கேள்வி. உறுமல் கேட்டு வளர்ந்தவர்கள், எட்டு சிலிண்டர் இல்லையென்றால் அது காரே இல்லை என்றார்கள். பெட்ரோல் கணக்குப் பார்ப்பவர்கள், டர்போ வைத்த ஆறு சிலிண்டர் போதும் என்றார்கள். இனிமேல் எஞ்சினாவது ஒன்றாவது, பேட்டரியும் மோட்டாரும்தான் என்று மூன்றாவது கட்சி ஒன்று கிளம்பியிருந்தது.

தலைமை அதிகாரி, எஞ்சின் பிரிவின் மூத்தவர்களை மட்டும் ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு முடிவைச் சொல்லியிருந்தார். பக்கத்து மேசைக்காரரிடம்கூட மூச்சு விடக் கூடாது என்பது கட்டளை. இருவரும் அதைக் காப்பாற்றினார்கள். மதியச் சாப்பாட்டில் வானிலை பற்றிப் பேசினார்கள்.

ஆனால் மகள் வீட்டு விருந்தில் பொறியாளரால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. மாப்பிள்ளை கார்ப் பைத்தியம். கூட்டாளிகளை வைத்துக்கொண்டு, "எங்க மாமா அங்கதான் வேலை பார்க்கிறார். ஆனா அவருக்கெல்லாம் எங்க சொல்லப்போறாங்க? போல்ட்டு நட்டு பார்க்கிற ஆள்" என்று சிரித்தார். கூட்டமே சிரித்தது. தட்டு வைக்க வந்த மகள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

பொறியாளருக்குப் பொறுக்கவில்லை. "எட்டு சிலிண்டர்தான். நான்தான் வரையப்போறேன்" என்று போட்டு உடைத்துவிட்டார்.

கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக மாப்பிள்ளை எழுந்து, அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த வாரமே செய்தி வீடியோவாக வெளியே வந்துவிட்டது. 'கம்பெனிக்குள்ளிருந்தே கிடைத்த தகவல்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வேறு.

"மாப்பிள்ளை சொன்னாரா, அந்தக் கூட்டத்துல எவனாவது சொன்னானா தெரியல. கேட்கவும் பயமா இருக்கு," என்றார் பொறியாளர். "வேலை போனாக்கூடப் பரவாயில்லைடா. வாயை அடக்கத் தெரியாதவன்னு துரத்திட்டாங்கன்னா, அந்த வீட்டுல என் பொண்ணு எப்படித் தலை நிமிர்ந்து நடப்பா?"

சைலன்சர் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்றார். அவ்வளவுதான்.

நான் தீயில் நிற்கிறேன், இவன் தூங்கச் சொல்கிறானே என்று பொறியாளருக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் காலை அவர் வந்தபோது பக்கத்து மேசை காலியாக இருந்தது. உட்காருவதற்குள் தலைமை அதிகாரியின் அழைப்பு வந்துவிட்டது.

"வீடியோ பார்த்தீங்களா?" என்றார் அதிகாரி.

"பார்த்தேன் சார். வயிறு எரியுது."

"யாரா இருக்கும்னு நினைக்கிறீங்க?"

நீங்களா என்று கேட்காமல் யார் என்று கேட்டதிலேயே பொறியாளருக்குப் பாதி உயிர் திரும்பியது. மகளின் குனிந்த தலை கண்ணுக்குள் வந்து போனது.

"சொல்லக் கூடாது சார். ரொம்ப நாள் பழக்கம்..."

"சும்மா சொல்லுங்க."

"நம்ம சைலன்சர்தான் சார்." முதல் வார்த்தைதான் தயங்கித் தயங்கி வந்தது. மற்றவை தாமாகவே வழுக்கிக்கொண்டு வந்தன. "எட்டு சிலிண்டர் வருதுன்னு என்கிட்டயே வந்து சொன்னான். நான் காதைப் பொத்திக்கிட்டேன். தனிக்கட்டை சார். வீட்டுல பேச ஆள் கிடையாது. வெளியில எங்கேயாவது கொட்டியிருப்பான். இந்த மாதிரி ஊமையா இருக்கிறவங்களைத்தான் நம்பக் கூடாது."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "அவரும் அதையேதான் சொன்னார்."

"என்ன சார்?"

"காலையில நான் வர்றதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னுக்கிட்டிருந்தார். 'எட்டுன்னு வெளியில சொன்னது நான்தான், வேற யாரையும் விசாரிக்காதீங்க'ன்னு சொல்லிட்டு, அடையாள அட்டையைக் கழட்டி மேசையில வெச்சிட்டுப் போயிட்டார்."

பொறியாளருக்குக் காது அடைத்தது. ஆனாலும் வாய் மட்டும் நிற்கவில்லை. "பார்த்தீங்களா சார்? நான் சொல்லல?"

"அதான் எனக்கு இடிக்குது," என்றார் அதிகாரி. "என்ன எஞ்சின்னு நாங்க இன்னும் முடிவே பண்ணல. விஷயம் யார் வழியா வெளியில கசியுதுன்னு பிடிக்கத்தான் உங்களையெல்லாம் தனித்தனியா கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு எஞ்சின் சொன்னேன். அவர்கிட்ட நான் சொன்னது ஆறு சிலிண்டர். எட்டுன்னு சொன்னது உங்க ஒருத்தர்கிட்ட மட்டும்தான்."