பக்கத்துத் தட்டு

காளீஸ்வரி முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அவளுடைய தட்டைக் காலி செய்திருந்தார் ஆவுடைநாயகம்.

ஒரு தட்டு நேந்திரங்காய் சிப்ஸ். மார்க் போட வந்த அதிகாரி பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அடுத்து இங்கேதான் வருவார். தட்டில் தூள்தான் மிச்சம். ஆவுடைநாயகத்தின் கன்னம் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

தென்காசியில் சிறு உணவுத் தொழில் செய்பவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. கடைசி நாள் பரீட்சை. ஆளுக்கு ஒரு அடுப்பு, ஒரு சீப்புக் காய். முதலாவதாக வருகிறவருக்குக் குற்றாலத்தில் சீசன் முடியும்வரை கூரை போட்ட கடை ஒன்று இலவசம்.

காளீஸ்வரிக்கு அந்தக் கூரைதான் வேண்டும். அவளுடையது தள்ளுவண்டி. சாரல் விழுந்தால்தான் கூட்டம் வரும். சாரல் விழுந்தால் சிப்ஸ் நமத்துப் போகும். மூன்று சீசனாக இதே பாடு.

ஆவுடைநாயகத்துக்கு அருவிக்குப் போகிற ரோட்டிலேயே சொந்தமாக சிப்ஸ் கடை. கடையில் ஒரு சான்றிதழ் தொங்கினால் நன்றாயிருக்கும் என்று வந்தவர். பிரஷர் இருக்கிறது, உப்பு ஆகாது என்று மூன்று நாளும் டீயோடு வந்த வடையைக்கூடத் தொடவில்லை.

"என்ன அண்ணாச்சி, இப்படிப் பண்ணிட்டீய?" காளீஸ்வரி காலித் தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"நல்லா இருந்துச்சு. கை நிக்கல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தார்.

எதிர் அடுப்பு ஜாஹிரா பீவி சும்மா இருக்கவில்லை. "வடைக்குத்தான் பிரஷர் போல. அடுத்தவ தட்டுக்குக் கிடையாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆவுடைநாயகம் இரண்டாவது பாட்டிலைத் திறந்தார்.

அதிகாரி வந்தார். இந்தத் தட்டு ஏன் காலி என்று கேட்டார். ஜாஹிரா பீவி மூச்சு விடாமல் முழுக் கதையும் சொன்னாள். அவர் ஆவுடைநாயகத்தை ஒரு பார்வை பார்த்தார். மிச்சக் காயில் இன்னொரு ஈடு போடட்டும், அரை மணி நேரம் காத்திருக்கிறேன் என்றார்.

காளீஸ்வரி அவசரமாகக் காயைச் சீவினாள். பயிற்சி கொடுக்கும் ஜாய் மேடம் மூன்று நாளும் ஒரே பாட்டைத்தான் பாடியிருந்தார்: கை அளவு கூடாது, கிராம் அளவுதான். சிப்ஸை எடுத்த பிறகு உப்பை நிறுத்துப் போட வேண்டும்.

இரண்டு அடுப்புக்கு ஒரு தராசு. அதை ஆவுடைநாயகம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தராசக் குடுங்க அண்ணாச்சி."

"எனக்கு வேணும்."

"ஒங்க அடுப்புதான் அணைஞ்சு கெடக்கே."

"பொறவு பத்த வைப்பேன்."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் தராசே வேண்டாம் என்று திரும்பிவிட்டாள். தள்ளுவண்டியில் செய்கிறபடியே உப்புத் தண்ணீரைக் கையால் அள்ளி எண்ணெயில் தெளித்தாள். எண்ணெய் சீறியது.

அதிகாரி ஒன்றை எடுத்துத் தின்றார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவதுக்குப் பேனாவைக் கீழே வைத்தார். உப்பு எத்தனை கிராம் என்று கேட்டார். காளீஸ்வரி வாயைத் திறப்பதற்குள் ஜாய் மேடம் முந்திக்கொண்டு, எல்லாம் தான் சொல்லிக் கொடுத்தபடி கிராம் கணக்குத்தான் என்றார்.

கடை காளீஸ்வரிக்குத்தான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் குற்றாலம் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். பக்கத்தில் வந்து நின்றார் ஆவுடைநாயகம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கடை கெடச்சிருச்சு, அதனால விடுதேன். இல்லன்னா ஒங்க கடை வாசல்லயே வண்டியக் கொண்டாந்து போட்டிருப்பேன்" என்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே நாலு சிப்ஸ்.

"ஒன் மொத ஈடு. தின்னு பாரு."

ஒன்றை வாயில் போட்டவள் அப்படியே ஓரமாக ஓடித் துப்பிவிட்டு வந்தாள்.

"வண்டியில செய்யுத பழக்கத்துல உப்புத் தண்ணிய எண்ணெயில தெளிச்ச. மேடம் சொன்னாவன்னு எடுத்த பொறவு தராசுல நிறுத்தும் உப்புப் போட்ட" என்றார் ஆவுடைநாயகம். "நீ குழாயடியில நிக்க, ஆபீசரு டீயக் குடிச்சிட்டு எந்திரிக்காரு. கொட்டினா சிப்ஸு மோசம்னு தெரிஞ்சிரும். தின்னா நான்தான மோசம்."

காளீஸ்வரி நாக்கை வழித்துக்கொண்டே கேட்டாள்: "அண்ணாச்சி, தண்ணி இருக்கா?"

"எங்க இருக்கு? ஒன் தட்டுக்கே ரெண்டு பாட்டிலு காலி. நானே பிரஷர் மாத்திரையக் கையில வச்சிக்கிட்டு நிக்கேன்."