ஏரிக்கரையில் ஒரு வெள்ளை ஷூ

"சைக்கிள உள்ள உடாதம்மா. இது சைக்கிள் பாதை."

மூங்கில் கழியைக் குறுக்கே நீட்டியபடி சொன்னார் காவலாளி சடையப்பன். செண்பகம் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள். அவளுக்கு போல்ட் கம்பெனியில் ஆறரை மணி ஷிப்ட். கேரியரில் டிபன் பாக்ஸ்.

"அப்ப சைக்கிள எங்கண்ணா உடறது?"

"ரோட்டுல உடு."

"ரோட்டுல கண்டெய்னர் லாரி வர்ற வரத்துக்கு, என்னிக்காச்சும் ஒரு நாள் நான் ஊடு போய்ச் சேர மாட்டேன். கரை மேல போனா பத்து நிமிசம். போர்டுலயே சைக்கிள் படம் போட்டுக்கீது பாரு."

"படத்துல கீறவன நல்லாப் பாரு. தலையில தொப்பி போட்டுகினு கீறான். கேரியர்ல சோறு இல்ல. அவன் ஒடம்புக்காக ஓட்டுறான். நீ வேலைக்குப் போற. வேலைக்குப் போனா அதுக்குப் பேரு போக்குவரத்து."

"அப்ப வேலவெட்டி இல்லாதவன்தான் இதுல போணுமா?"

"இப்பத்தான் உனக்குப் புரிஞ்சுது."

"உன்னோட பெரிய பேஜாருண்ணா" என்று செண்பகம் சைக்கிளைத் திருப்பினாள். அவளுக்குப் பின்னால் வந்த நாலு சைக்கிளும் கேட்காமலே திரும்பின.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் அந்த ஊரின் பெரியேரியைச் சுற்றி இரண்டரை கிலோமீட்டருக்கு, உடம்புக்காக நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை போட்டு, கல் பதித்து, பெஞ்சும் வைத்திருந்தார்கள். மூன்று மாதம் வெள்ளோட்டம். ஜனங்கள் பயன்படுத்தினால் பாதை நிலைக்கும், சடையப்பனின் வேலையும் நிரந்தரம். இல்லையென்றால் கேட்டுக்கு ஒரு பூட்டு, சடையப்பனுக்கு ஒரு கும்பிடு. ஐம்பத்து நாலு வயதில் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை போனவருக்கு இனி வேறு எவனும் யூனிபார்ம் தைத்துத் தரப்போவதில்லை.

ஆகவே அவர் பாதையைக் கண்ணாக வைத்துக்கொண்டார். எறும்புகள்கூட அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஏரியைச் சுற்றிக்கொண்டுதான் அந்தப் பக்கம் போயின. புல்லுக்கட்டோடு வந்தவளை, "சுமையோட நடந்தா அது வாக்கிங் இல்லம்மா" என்று சேற்றில் இறக்கிவிட்டார். செருப்பில்லாமல் வந்தவர்களை, செருப்போடு வரச்சொல்லித் திருப்பி அனுப்பினார். செருப்போடு வந்தவர்களை, ஷூவோடு வரச்சொன்னார்.

ஷூவோடு வந்தவர் ஒருவர்தான். பெயர் ஸ்டீபன். சரியாக ஆறு மணிக்கு வெள்ளை ஷூவில் வருவார். எட்டு மணி வரை சுற்றுவார். கேட்டருகே கொஞ்சம் நிற்பார், மறுபடி சுற்றுவார். மழையிலும் வந்தார். பொங்கலன்றும் வந்தார். இப்படியும் ஒரு மனுஷன் உடம்பைப் பார்த்துக்கொள்வானா என்று சடையப்பன் மலைத்துப்போனார். அவர் உட்காரும் பெஞ்சைத் தம் துண்டாலேயே துடைத்து வைத்தார். அவரைப் பார்த்துக் குரைத்த நாயை அத்திப்பட்டு வரை துரத்திக்கொண்டு போய் விட்டுவிட்டு, ரயிலேறித் திரும்பி வந்தார்.

"பாக்கெட்டுல ஜெபமாலையா சார்? வலது கைய வெளியவே எடுக்க மாட்டேன்றீங்க" என்று ஒரு நாள் கேட்டார்.

ஸ்டீபன் சிரித்தார். "கிட்டத்தட்ட அந்த மாதிரிதான்."

"எனக்காவவும் வேண்டிக்குங்க சார். ஜனம் வரணும்னு."

"நானும் தினமும் அதைத்தான் எதிர்பார்க்குறேன். இப்ப ஒரு பொண்ணு சைக்கிள்ல வந்துச்சே, விட்டிருக்கலாமே."

"உங்களுக்கு எடைஞ்சல் சார். பெல்லு அடிச்சிகினே வருவாங்க, உங்க ஜெபம் கலைஞ்சிடும். நீங்க ஒருத்தர் நடக்குறீங்க, அது போதும். ஒரு நாள்கூட மட்டம் போட்டுடாதீங்க. என் வேல உங்க கால்ல நிக்குது."

ஸ்டீபன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அடுத்த சுற்றுக்குக் கிளம்பிவிட்டார்.

தொண்ணூற்றோராம் நாள் காலை கேட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'மூன்று மாதங்களில் பாதையைப் பயன்படுத்தியவர்கள்: பூஜ்யம். பாதை இன்று முதல் மூடப்படுகிறது.'

சடையப்பன் அதை மூன்று முறை படித்தார். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. அந்த நேரம் பார்த்து ஸ்டீபன் வந்தார். என்றைக்குமில்லாமல் காலில் ரப்பர் செருப்பு.

"பாத்தீங்களா சார் அநியாயத்த. பூஜ்யமாம். எவன் சார் எண்ணுனது? கண்ணு அவிஞ்சவனா? வாங்க ஆபீசுக்கு. தொண்ணூறு நாளும் நான் நடந்தேன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும், இத எழுதுனவன் மூஞ்ச எங்க வெச்சிக்கிறான்னு பாக்கலாம்."

ஸ்டீபன் பாக்கெட்டிலிருந்து வலது கையை மெல்ல வெளியே எடுத்து விரித்தார். உள்ளங்கையில் உருண்டையாக ஒரு சின்ன இரும்புச் சாமான். மேலே ஒரு பட்டன். கண்ணாடிக்குள் வரிசையாக நாலு பூஜ்யம்.

"எண்ணுறவன் தன்னைச் சேர்த்துக்கக் கூடாதுங்க, யாருன்னு வெளிய சொல்லவும் கூடாது, ரூல் அப்படி" என்றார் ஸ்டீபன். "அந்தப் பொண்ணு உள்ள வந்ததும் அழுத்தணும்னு தினமும் கட்டைவிரலைப் பட்டன் மேலயே வச்சிருந்தேன், நீங்கதான் கழியைக் குறுக்க நீட்டினீங்க."