வாசற்படிக்கு வெளியே தொண்ணூறு மீட்டர்

கம்பி இன்னும் பன்னிரண்டு அடி போக வேண்டியிருந்தது.

ஆதிமூலம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். வீட்டின் பின்சுவரிலிருந்து மோட்டார் கொட்டகை வரை, வரப்போரமாக அவர் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டிய பள்ளம் நீளமாகக் கிடந்தது. இரண்டு நாள் வேலை. இடுப்பு இருக்கிற இடமே தெரியவில்லை.

முத்தியால்பேட்டையில் வாங்கி வந்த நீல இன்டர்நெட் கம்பி. அப்படியே புதைத்தால் எலி விடாது. அதனால் பழைய சொட்டுநீர்க் குழாய்களுக்குள் சணல் கயிறு விட்டு, கம்பியை இழுத்து, துண்டு துண்டாகக் கோத்துக்கொண்டே வந்தார்.

"கம்பி நூறு மீட்டருக்குள்ள இருக்கணும்ப்பா" என்று மட்டும் மகன் கோபிநாத் சொல்லியிருந்தான். வீட்டுக்கு இன்டர்நெட் வாங்கியவன் அவன்தான். ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது அதைக் கொட்டகைக்கு எதற்கு இழுக்கிறீர்கள் என்று அவன் கேட்கவில்லை.

கேட்டது பங்காளி பாவாடைதான். சைக்கிளை வரப்பில் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

"மோட்டாருக்கு எதுக்குண்ணே இன்டர்நெட்டு? தண்ணி பாஞ்சிடுச்சின்னு லெட்டர் போடுமா?"

"பையனுக்கு ஆபீஸ் வேல. ஊட்ல ஒரே சத்தமா இருக்குதாம்."

"ஆமா, உன் ஊட்ல ரொம்பதான் சத்தம்" என்று சிரித்துக்கொண்டே பாவாடை போய்விட்டான்.

அன்றைக்கு முற்றத்தில் நின்றவர்களில் பாவாடையும் ஒருவன். ஏழு வருடத்துக்கு முன்பு மூத்த மகள் ஹேமலதா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போன வாரம். பங்காளிகள் அத்தனை பேர் முன்னிலையில் சூடத்தைக் கொளுத்தி, வெறும் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார் ஆதிமூலம்.

இனிமேல் என் வாசப்படிக்குள்ள அவ மூஞ்சி தெரியாது.

உள்ளங்கையில் எழுந்த கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறிப்போனது.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பெயரை எடுக்கவில்லை. மனைவி சுலோசனாவும் எடுக்கவில்லை. அவள் ஒரு நாளாவது சண்டைக்கு வருவாள், அதைச் சாக்காக வைத்து இறங்கிவிடலாம் என்று அவர் வருடக்கணக்காகக் காத்திருந்தார். அவள் வரவேயில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், விளக்கை அணைத்தாள். அந்த மௌனம் அளவுக்கு வயல் வேலைகூட அவரைக் களைக்க வைத்ததில்லை.

போன மாதம் கரண்ட்டுக்காகக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது தோன்றியது. இந்தக் கொட்டகைக்கு வாசற்படி கிடையாது. வீட்டு வாசற்படிக்கும் இதற்கும் நடுவில் முழுசாக ஒரு கொல்லை கிடக்கிறது. சத்தியம் இவ்வளவு தூரம் வராது.

சாவதற்குள் மகள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவள் தன்னைப் பார்ப்பாளா என்பது தெரியாது.

நேற்று சாயங்காலம்தான் சுலோசனாவிடம் சொன்னார். சொல்லும்போது மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொட்டாயில வச்சி நீ அவகிட்ட பேசு. அது ஊடு கெடையாது."



"எதுக்குங்க இம்மாந்தூரம்…" என்று ஆரம்பித்தவள், மண் அப்பியிருந்த அவருடைய கைகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கம்பி கொட்டகைக்குள் வந்து சேர்ந்தது. கோபிநாத் இரண்டு முனையிலும் பொருத்த வேண்டியதைப் பொருத்தினான். யூரியா மூட்டையின் மேல் லேப்டாப்பை வைத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பிவிட்டான்.

சுலோசனா அதன் முன்னால் உட்கார்ந்தாள். அவள் விரல் தடுமாறாமல் போய் ஓரிடத்தில் அழுத்தியது. யார் சொல்லிக்கொடுத்தது என்று யோசிக்க அவருக்குத் தெம்பில்லை.

திரை தெரிகிற மாதிரியும், திரைக்குள் இருப்பவர்களுக்குத் தான் தெரியாத மாதிரியும் சுவரோரம் ஒண்டி நின்றார்.

ஹேமலதா வந்தாள். முகம் சதை போட்டிருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். பின்னால் சன்னலில் காலை வெளிச்சம்.

"எங்கம்மா ஒக்காந்திருக்க? இது எந்த எடம்?"

சுலோசனா லேப்டாப்பைப் பிடித்து மெதுவாக அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் விலகிவிடத்தான் நினைத்தார். ஆனால் சட்டையில்லாமல், முழங்கால் வரை சேறோடு, மகளுக்கு முன்னால் நின்றார்.   ஹேமலதா கையை வாயருகே கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தாள்.

அவள் மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஏறி உட்கார்ந்தது. அப்படி ஒரு குழந்தை இருப்பதே அவருக்கு யாரோ சந்தையில் சொல்லித்தான் தெரியும். அதன் பெயர்கூடத் தெரியாது.

குழந்தை அவரை உற்றுப் பார்த்தது. புது ஆளைப் பார்க்கிற பார்வையாக இல்லை.

"தாத்தா இன்னிக்கி தூங்கலியா?"

 தான் சொன்னது அவருக்குப் புரியவில்லை என்று குழந்தை நினைத்துக்கொண்டது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, வாயைத் திறந்து, இடது கையை மடக்கி நெற்றிமேல் போட்டுக் காட்டியது. கல்யாணமான நாளிலிருந்து சுலோசனா கேலி செய்கிற, அவர் தூங்கும் அதே கோலம்.

"ஹால்ல கட்டில்ல இப்டித்தான படுத்திருப்பாங்க. ஆயா போன்ல எனக்குத் தெனம் காட்டுவாங்களே." சுலோசனாவைத்தான் அது ஆயா என்றது.

அதற்குள் ஹேமலதா உடைந்து "அப்பா" என்றாள். குரல் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது.

குழந்தை சட்டென்று திரும்பி, அம்மாவின் உதட்டில் விரலை வைத்து, பழக்கப்பட்ட மாதிரி உஷ் என்றது.