கடைசி இலக்கம்

எங்கள் ஒசாகா கேம் சென்டரில் எதிரி விண்கலங்களைச் சுடும் மெஷின் ஒன்று உண்டு. செத்துப்போய், மறுபடி நூறு யென் காசு போட்டுத் தொடர்ந்தால் மதிப்பெண்ணின் கடைசி இலக்கம் ஒவ்வொன்றாக ஏறும். சாகாமலே முடித்தால் அது பூஜ்யம். அப்படி முடித்தவர் பெயரை மட்டுமே பலகையில் எழுதுவேன்.

ஞாயிறு மதியம், வழக்கமாக ஆட வரும் ஷிகெனோ ஒரே காசில் முடித்தான். கடைசி இலக்கம் ஒன்று.

“எழுத முடியாதுய்யா. ஒரு தடவை செத்திருக்கே.”

“பக்கத்துலயே நின்னு பாத்தேல்ல? எங்கய்யா செத்தேன்?”

பார்த்தேன்தான். சாகவில்லை.

“காலையில சைக்கிளோட லாரிக்கு அடியில போயிட்டேன். கீறல்கூட இல்ல. அதையும் சேத்துக்கிச்சோ என்னவோ!” என்று சிரித்தான்.

ஆட்டம் முடிந்த திரையில், செத்தால் மட்டுமே வரும் ‘தொடரவா?’ வந்தது. ஒன்பது, எட்டு என்று எண்கள் இறங்கின.

சிரிப்பு நின்றது. ஷிகெனோ சட்டைப்பையைத் துழாவினான்.

“நூறு யென் வெச்சிருக்கியா? சீக்கிரம்யா!”

நானும் துழாவினேன். திரையில் மூன்று.